ஓட்டோ சொல்லாதது

லாச்சப்பலில், ஃபோபூர் சன்-தெனி வீதித் தேத்தண்ணிக் கடையொன்றில் இருந்து தங்கச்சிக்காக எல்டாக் பற்றித் தமிழில் குறிப்பெழுதினேன். கணித நிறுவல்களைச் சரிபார்க்கும் கொக் மென்பொருளுக்காக டேவிட் டெலாயே 2000இல் அறிமுகப்படுத்திய கட்டளைமொழி அது. (கொக் என்றால் பிரெஞ்சில் சேவல். 2025இல் அதன் பெயர் ரொக் ஆகிவிட்டது. எனக்குச் சேவல்தான் பிடித்திருந்தது.)

எல்டாக் நிறுவலில் கட்டளைகள் மட்டுமே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுவ மிச்சம் என்ன என்பது தாளில் இராது, ஓட்டிப் பார்க்கவேண்டும். 'ஓட்டோ' என்ற கட்டளை இன்னும் மோசம். வேறு எதுவும் சொல்லாவிட்டால் 5 படி ஆழம்வரை தேடும். விடை கிடைக்காவிட்டால் பிழை என்றும் சொல்லாது, இருந்த இடத்திலேயே விட்டுவிடும்.

அப்போதுதான் அப்பாவின் அகதிக் கோரிக்கை நினைவுக்கு வந்தது. 'கொழும்புக்கு வந்தேன். பிறகு பாரிஸ் வந்தேன்.' இரண்டு வரிகளுக்கும் இடையில் 11 மாதங்கள். முதல் தடவை நிராகரித்துவிட்டார்கள்.

"ஏனப்பா நடுவிலை ஒண்டும் எழுதேல்லை?"

"எனக்குத் தெரிஞ்சதுதானே. வாசிக்கிறவைக்கும் விளங்கும் எண்டு நினைச்சன்."

அன்றிரவு ஓட்டோ பக்கத்தைத் திரும்ப எழுதினேன். ஒவ்வொரு படிக்கும் கீழே மிச்சத்தைக் குறித்தேன். அப்பாவிடமும் கேட்டுக் குறிக்கிறேன். இதுவரை 7 மாதங்களுக்குத்தான் கணக்குக் கிடைத்திருக்கிறது.