ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு (அப்படித்தான் எழுதச் சொன்னாங்க)

போன மாசம் எங்க வீட்டில் ஒரு பஞ்சாயத்து. தாத்தாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டை விற்கணும். கண்ணில் பிரஷர். ராத்திரி வண்டி ஓட்டக்கூடாதுன்னு ஆரம்பிச்ச டாக்டர், இப்ப பகலிலும் கூடாது, சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டார். வீட்டில் வேற யாருக்கும் அந்த கியர் வசப்படாது (அப்பா ஒரு தடவை எடுத்துட்டுப் போய், வண்ணார்பேட்டை தாண்டுறதுக்குள்ள திரும்பி வந்தார்). பி.காம் படிக்கிறவன் சும்மாத்தானே இருக்கான்னு விளம்பரம் எழுதுற வேலை என் தலையில் விழுந்தது.

அப்பத்தான் ஒரு புரோக்கர் வந்தார். வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "அண்ணாச்சி, ஹெரால்டுன்னு போட்டா ஒரு பய திரும்பிப் பாக்கமாட்டான். டாப்பக் கழட்டிருவோம், செகப்பு பெயிண்ட் அடிச்சிருவோம். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருன்னு போட்டா ரேட்டு ரெட்டிப்பு!" என்றார்.

சிரிக்காதீங்க மக்களே. அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கு, அதுதான் சிக்கலே. ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனி விட்ட கார். வடிவமைச்சது இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிகெலாட்டி. அதே சேஸியைக் குட்டையாக்கி 1962-ல் விட்டதுதான் ஸ்பிட்ஃபயர், அசல் ஸ்போர்ட்ஸ் கார். ஹெரால்டின் டாப்பும் நிஜமாவே போல்ட் போட்டு மாட்டினதுதான். ஸ்பானர் இருந்தா கழட்டிடலாம்.

மீதிப் பாதி? ஸ்பிட்ஃபயருக்கு 1147 சிசி, ரெண்டு கார்புரேட்டர். எங்க வண்டிக்கு 948 சிசி, ஒண்ணே ஒண்ணு. பிறந்ததும் இங்கிலாந்தில் இல்லை. மெட்ராஸ் பக்கம் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-லிருந்து செஞ்சது. ரேடியேட்டர் குடிச்சதெல்லாம் தாமிரபரணித் தண்ணிதான் :-)

இந்தக் காரில் எனக்குப் பிடிச்சதே வேற. பானெட்டைத் திறந்தா முன்பக்க மட்கார்டோட சேர்ந்து முழுசா முன்னால சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். தாத்தா அப்படித்தான் உட்கார்ந்து பேப்பரும் படிப்பார். திரும்புறதுக்கு 25 அடி போதும். கல்லிடைக்குறிச்சித் தெருவுக்குள்ள ரிவர்ஸ் போடாமலே திருப்பிக் கொண்டுவந்ததை இன்னிக்கும் சொல்லுவார். வளைவில் வேகமாப் போனா பின்சக்கரம் உள்ளே மடங்கும்னு ஒரு கெட்ட பேரும் உண்டு. அதை மட்டும் சொல்லமாட்டார்.

சரி, எழுதிடலாமான்னு எனக்கும் சபலம் தட்டுச்சு. ரெட்டிப்புப் பணம்னா ஆபரேஷன் செலவுக்கு யார்கிட்டயும் கை நீட்ட வேண்டாம். ஆனா போன செமஸ்டரில்தான் 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் படிச்சேன். 15-வது பிரிவு: என்ன பொருள்னு சொல்லி விற்கிறோமோ அதுவாவே இருக்கணும். 'வாங்குறவன் ஜாக்கிரதை' அடுத்த பிரிவில்தான் வருது. பரீட்சையில் எழுதின பாவத்துக்குக் கை ஓடலை. 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டியை விண்டேஜ்னு பதியலாம், ஆனா பெரிசா எதையும் மாத்தாம பழைய உருவத்திலேயே இருக்கணும். டாப்பைக் கழட்டினா அதுக்கும் வம்பு.

தாத்தாகிட்ட இதெல்லாம் சொன்னேன். "சட்டம் கெடக்கட்டும்ல. ஆடி அமாவாசைக்கு ஒங்க ஆச்சிய வெயில் படாமப் பாபநாசம் கூட்டிட்டுப் போன டாப்பு அது. அதக் கழட்டவா?" அதோட புரோக்கருக்குக் காபி கொடுத்து அனுப்பியாச்சு.

கடைசியில் எழுதினது இது:

"விற்பனைக்கு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, 948 சிசி. மெட்ராஸில் செய்தது. ஒரே ஓனர். எஞ்சினும் டாப்பும் ஒரிஜினல். டிரைவர் பக்கம் தரையில் துரு உண்டு. மழை பெய்தால் இடது கதவு வழியாகத் தண்ணீர் வரும். ஸ்போர்ட்ஸ் கார் அல்ல."

கடைசி வரியைப் படிச்சதும் தாத்தா முறைச்சார். "அல்லன்னு ஒனக்கு எவம்ல சொன்னான்? பாபநாசம் ரோட்டுல நீ பாத்தியா?" அந்த ஒரு வரியை அடிச்சாச்சு.

ஞாயித்துக்கிழமை மதுரையிலிருந்து ஒருத்தர் பார்க்க வர்றார். நேத்து சாயங்காலம் தாத்தா வண்டியைக் கழுவினார், அரை மணி நேரம் டாப்பை மட்டுமே.