முப்பது மதிப்பெண்ணுக்கு ஒரு பயணம்

ஹைதராபாத்துக்கு ஊரார் சார்மினார் பார்க்கவும் பிரியாணி சாப்பிடவும் போவார்கள். நான் முப்பது மதிப்பெண்ணுக்காகப் போனேன். முனைவர் பட்டச் சேர்க்கையில் நுழைவுத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்பது யூஜிசி கணக்கு. எழுபதின் கதை முடிந்துவிட்டது. மிச்சத்துக்காகச் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

எதிர் இருக்கைக்காரர் விசாரித்தார். "பிஎச்டி படிச்சா மாசம் எவ்வளவு தருவாங்க தம்பி?" ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை இருந்தால் 37,000 என்றதும் முகம் மலர்ந்தது. இல்லாவிட்டால் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 8,000 என்றேன். போர்வையை உதறிக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

தொடர்பியலில் விண்ணப்பிப்பவருக்கு உள்ள தொல்லை, சினிமா முதல் வாட்ஸாப் வரை எல்லாமே ஆய்வுப்பொருளாகத் தெரிவதுதான். நான் சமுதாய வானொலியைப் பிடித்துக்கொண்டேன். வான அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995இல். அரசு 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது. 2004இல் சென்னையில் அண்ணா எஃப்எம் வந்தது. தொண்டு நிறுவனங்கள் 2006 வரை காத்திருந்தன. 2008இல் இன்றைய தெலங்கானாவின் மாச்னூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ ஒலித்தது. இரண்டுக்கும் அலைவரிசை அதே 90.4. வளாகத்து வானொலியிலும் ஊர் வானொலியிலும் அடுத்த வார நிகழ்ச்சியை யார் முடிவு செய்கிறார்கள்? இதுதான் என் கேள்வி.

ஹைதராபாத் பல்கலைக்கழகம் 1974இல் நகருக்குள், சரோஜினி நாயுடுவின் வீட்டில் தொடங்கியது. இப்போது கச்சிபௌலியில் பாறைகளுக்கு நடுவே பரந்து கிடக்கிறது. காளான் குடை போல நிற்கும் ஒரு பாறையோடு எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்துக்கொண்டேன், பதற்றத்துக்கு நல்ல மருந்து.

சரோஜினி நாயுடுவின் பெயரையே தாங்கிய கலை, தொடர்பியல் பள்ளியில் நேர்காணல். கோட்பாடு பற்றி வளைத்து வளைத்துக் கேட்பார்கள் என்று மூத்த மாணவர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். முதல் கேள்வியே வேறு: "இதை ஒரு நிருபர் பத்து நாளில் எழுதிவிடுவாரே, உங்களுக்கு எதற்கு ஐந்து வருடம்?"

"நிருபர் வந்தால் மைக் முன்னால் பேசுவாங்க சார். மைக்கை அணைச்ச பிறகு நடக்கிற பேச்சுக்கு அங்கேயே இருந்தாகணும்."

"தெலுங்கு?"

"கேட்டால் புரியும். பேசினால் சிரிப்பாங்க."

சிரித்தார்கள். முப்பதில் அதற்கு எவ்வளவோ!

மறுநாள் மும்பை நெடுஞ்சாலையில் ஜஹீராபாத் பஸ் பிடித்து, பக்கத்திலுள்ள மாச்னூருக்குப் போனேன். உரிமம் வருமுன்பே இந்தப் பெண்கள் நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டவர்கள். விதை, சிறுதானியம், பாட்டு, வைத்தியம் என்று எல்லாம் அவர்கள் குரலில். தட்டுத்தடுமாறி என் ஆய்வை விளக்கினேன். ஓர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, விதைப்புக்கு முன்னால் வா, அப்போதுதான் எங்களுக்குள் சண்டை நடக்கும் என்றார்.

என் ஆய்வுத் திட்டத்தில் களப்பணி டிசம்பர் என்றிருந்தது. இடம் கிடைத்தாலும் முதலில் பாடநெறித் தாள்களை முடித்தாக வேண்டும். ஜஹீராபாத் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, டிசம்பரை அடித்துவிட்டு அடுத்த ஆண்டு மே என்று எழுதினேன்.