வீட்டொளியும் விருந்தொளியும்

ஒளிக்கும் வெப்பநிலை உண்டு என்று கூறினால் கலைப்பீடத்தார் பலர் நகைக்கக்கூடும். ஆயினும், கொல்லனின் உலைக்களத்தை நோக்கியவர்க்கு இவ்வுண்மை புதியதன்று. இரும்பு காயக் காய முதலிற் செந்நிறமும், பின்னர் மஞ்சள் நிறமும், ஈற்றில் வெண்மையும் பெறுகின்றது. ஒளியின் நிறத்தை இவ்வாறு வெப்பத்தாற் குறிப்பதற்குக் கெல்வின் பிரபுவின் (1824–1907) பெயரால் வழங்கும் அலகு பயன்படுகின்றது. மெழுகுதிரியின் ஒளி ஏறத்தாழ 1,900 கெல்வின். இழை மின்குமிழின் ஒளி 2,700 முதல் 3,200 வரை. நண்பகல் வெயிலும், அதனையொத்த கமராவின் பிளாஷ் ஒளியும் 5,500 அளவின. விந்தை யாதெனில், இதமானதென நாம் கொள்ளும் மஞ்சள் ஒளியே இவ்வளவையிற் குறைந்தது. குளிர்ந்ததென நாம் கொள்ளும் நீலச்சாயல் ஒளியே கூடியது.

நூலிற் படிக்குமுன்னரே இவ்வேறுபாட்டை ஒரு வீட்டின் கூடத்தில் அறிந்துகொண்டான் மாணவன் ஒருவன். விடுமுறைக்கு யாழ்ப்பாணம் சென்றிருந்த அவனிடம் அப்பாச்சி ஒரு படம் எடுத்துத் தருமாறு கேட்டார். கூடத்துச் சுவரில் அப்பப்பாவின் படம் தனித்துத் தொங்குகின்றது. அதனருகில் மாட்டுவதற்குத் தமக்கும் ஒன்று வேண்டும் என்றார். பகலில் முற்றத்துக்கு வந்து நிற்க அவருக்கு உடல் இடங்கொடுக்கவில்லை. மாலையில் விளக்கு வைத்தபின், பழைய மின்குமிழின் கீழே சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருக்கும் வேளையே அவர் முகம் மலரும் வேளை.

பிளாஷ் கொண்டு எடுத்த முதற்படத்தில், அவர் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறியிருந்தது. பின்னிருந்த சுவரோ மஞ்சளிற் குளித்து நின்றது. கமராவை மின்குமிழ் ஒளிக்குரிய நிலையில் அமைத்து மீண்டும் எடுத்தான். சுவர் சீரடைந்தது, முகம் நீலம் பாரித்தது. கமராவின் திரையை உற்று நோக்கிய அப்பாச்சி, "இதென்ன மோனை, உயிரோடை இருக்கேக்கையே என்னைப் பிரேதமாக்கிப் போட்டாய்!" என்று சிரித்தார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மின்குமிழின் கீழுள்ள வெள்ளைச் சேலையை நாம் வெள்ளையாகவே காண்கின்றோம். கண்ணும் மூளையும் சூழ்ந்த ஒளிக்குத் தம்மை இசைவித்துக்கொள்வதே அதற்குக் காரணம். கமராவோ ஒரு படத்துக்கு ஒரே அளவையை மட்டும் ஏற்கும். ஈரொளிகள் ஒரு படத்திற் கலப்பின், ஒன்றைத் திருத்த மற்றையது திரியும். ஆகவே கமராவைத் திருத்துவதற்கு முன்னர் ஒளிகளை ஒன்றாக்க வேண்டும். வீட்டின் ஒளியை மாற்றுதல் எளிதன்று. வந்த ஒளியை மாற்றலாம். தொழில்முறைப் படப்பிடிப்பாளர் பிளாஷின் முன் செம்மஞ்சள் வடிகட்டியை வைப்பது இதற்காகவே.

அவனிடம் அத்தகைய வடிகட்டி இல்லை. மாணவர் விடுதியில் வெசாக் கூடு கட்டியபோது எஞ்சிய செம்மஞ்சள் செலோபேன் தாள் பெட்டியிற் கிடந்தது. அதனை ஒருமடிப்பாகவும் இருமடிப்பாகவும் பிளாஷின் மேல் ஒட்டிப் பார்த்தான். தாள் ஒளியிற் சிறிது விழுங்குவதால் பிளாஷின் வலுவைக் கூட்டினான். இருமடிப்பில் முகமும் சுவரும் ஒரே ஒளியில் இணைந்தன. இறுதியாகக் கமராவின் அளவையைச் சற்றே உயர்த்தினான். அந்த மாலையின் மஞ்சள் படத்திற் சிறிது தங்கிற்று. முற்றத் திருத்தியிருந்தால், நிறம் சரியாயிருக்கும், மாலைப்பொழுது மறைந்திருக்கும்.

அப்பாச்சி நெடுநேரம் பார்த்திருந்து, "இப்பதான் நான் என்ரை வீட்டிலை இருக்கிறன்" என்றார்.

அடுத்த ஆண்டு அப்படத்துக்கு மாலை சூட்டப்பட்டது. துக்கம் விசாரிக்க வந்தோருள் எவரும் அதில் பிளாஷ் ஒளி கலந்திருப்பதை அறியவில்லை. விருந்தாக வந்த ஒளி தன் நிறத்தை விட்டு வீட்டின் நிறத்தை ஏற்றமையாலன்றோ அந்த முகம் வீட்டின் முகமாயிற்று!