நோகாத நோய்

மூட்டுவாதம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது, திண்ணையில் அமர்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தடவும் பாட்டியின் உருவமேயாகும். பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் அது வரக்கூடும் என்பதைப் படித்தவர்களே நம்பத் தயங்குவர். பதினாறு வயது நிறையுமுன் தொடங்கி, ஆறு வாரங்களுக்குக் குறையாது நீடித்து, வேறு காரணம் காட்டவியலாதிருக்கும் மூட்டழற்சியை மருத்துவர்கள் சிறுவர் மூட்டுவாதம் என வகுத்துள்ளனர். இலண்டன் வைத்தியரான ஜோர்ஜ் பிரெடெறிக் ஸ்ரில், பிள்ளைகளின் நாட்பட்ட மூட்டு நோயைப் பற்றி 1897இல் வெளியிட்ட கட்டுரையிலே, அது வளர்ந்தோரின் நோயினின்றும் வேறுபடுவதை எடுத்துக்காட்டினார்.

கலைப்பீட மாணவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என வினவலாம். என் தங்கைக்கு ஏழு வயதில் இந்நோய் கண்டது. முழங்கால்கள் வீங்கின, காலையில் எழுந்ததும் விறைத்துநின்றன, நொண்டி நடந்தாள். முழங்கால் தன் குறையை ஊரறியச் சொல்லிற்று. தாடையோ எதுவுமே சொல்லவில்லை. அவள் பனங்கிழங்கைக் கடிக்க மறுத்தாள், கச்சானை ஒதுக்கினாள், ஒரு பிடி சோற்றை நெடுநேரம் வாயில் வைத்திருந்தாள். "செல்லம் கூடிப்போச்சு" என்றார் பெரியம்மா. இடைவேளை மணி அடித்தபின்பும் உணவுப் பெட்டியை மூடாத பிள்ளை, வகுப்பாசிரியைக்குச் சோம்பேறியாகத் தெரிந்தாள். "நோகுதா?" என்று கேட்டால் "இல்லை" என்பாள். அது பொய்யன்று.

பின்னர் கிளினிக்கிலே ஒரு வைத்தியர், அவளுடைய மூன்று விரல்களையே நெடுக்காக அடுக்கி வாய்க்குள் வைக்கும்படி கூறினார். இரண்டுக்குமேல் நுழையவில்லை. வாய் திறக்கையில் நாடி இடப்பக்கம் சாய்ந்தது.

காதுக்குச் சற்று முன்னே, கீழ்த்தாடை மண்டையோட்டுடன் பொருந்துமிடத்தில் அமைந்தது இம்மூட்டு. இதன் அமைப்பிலேயே ஆபத்துப் பொதிந்துள்ளது. கைகால்களின் நீண்ட எலும்புகளில் வளர்ச்சிக்குரிய கசியிழையம் மூட்டின் மேற்பரப்பிலிருந்து சற்று விலகியிருக்கும். கீழ்த்தாடையின் தலைப்பிலோ அது மேற்பரப்பை ஒட்டியே கிடக்கிறது. ஆதலால் உட்சவ்வில் மூளும் அழற்சி வளர்ச்சியையே தாக்குகிறது. ஒரு பக்கம் தாக்கினால் முகம் அப்பக்கம் கோணும்; இரு பக்கமும் தாக்கினால் நாடி உள்வாங்கும். இவை புலனாக ஆண்டுகள் செல்லும். வீக்கம் வெளித்தெரிவதில்லை, நோவும் பெரும்பாலும் இல்லை. சில பிள்ளைகள் காதுவலி, தலைவலி என்பர். அப்போது காதைத்தான் பார்ப்பார்கள். எக்ஸ்-கதிர்ப் படம் சேதம் நிகழ்ந்தபின்னரே அதனைக் காட்டும். நடப்பிலுள்ள அழற்சியைக் காண்பதற்கு, நாளம் வழியே மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படமே சிறந்தது.

நோய், நோவு ஆகிய இரண்டும் 'நோ' என்ற ஒரே அடியிற் பிறந்தவை. நோவில்லாத இடத்தில் நோயுமில்லை என்று நம்மவர் எண்ணுவதற்கு மொழியும் ஓரளவு துணைநிற்கிறதோ என எனக்கோர் ஐயம். இந்நோயோ அவ்விரண்டையும் பிரித்துவிடுகிறது. தாடையில் மட்டுமன்று, இப்பிள்ளைகள் சிலருக்குக் கண்ணினுள்ளும் சிவப்போ வலியோ இன்றி அழற்சி உண்டாகிப் பார்வையைக் கெடுக்கும். அதனாற்றான் குறையேதும் கூறாத பிள்ளையையும் கண் வைத்தியர் தவணைதோறும் அழைத்துப் பார்க்கிறார். தாடையை அவ்வாறு பார்க்கும் வழக்கம் எல்லா இடத்தும் வேரூன்றவில்லை என்பதே என் மனக்குறை. மூன்று விரல்களுக்குச் செலவேது?

மருந்தில்லாத நோயன்று இது. வாரம் ஒருமுறை கொடுக்கும் மெதொட்றெக்சேற் நிர்ப்பீடனத் தொகுதியின் சீற்றத்தைத் தணிக்கிறது. அது போதாதபோது, 1999 தொடக்கம் சிறுவருக்கும் பயன்படும் எற்றனெர்செப்ற் போன்ற உயிரியல் மருந்துகள் உள்ளன. தாடை மூட்டினுள்ளே ஸ்ரெறொயிட் ஏற்றுவதில், வளரும் பிள்ளைகளைப் பொறுத்தவரை, வைத்தியர்கள் இன்று தயக்கம் காட்டுகின்றனர். அது வளர்ச்சியைத் தடுக்கலாம், மூட்டுக்குள் வேண்டாத எலும்பை வளர்க்கவும் கூடும். பற்களுக்கிடையே அணியும் அச்சும் தாடைப் பயிற்சியும் பலருக்கு உதவுகின்றன.

தங்கைக்கு இப்போது பத்து வயது. மூன்று மாதத்துக்கொருமுறை மேல், கீழ் முன்பற்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளக்கிறார்கள். முதலில் 26 மில்லிமீற்றர். சென்ற தவணையில் 34. அந்த எண்களைத் தன் கணக்குக் கொப்பியின் பின்னட்டையில் அவளே எழுதிவருகிறாள். நாடியின் சாய்வு முற்றாக நேராகவில்லை.