குதிரைக்கு ஒரு ஆடிட்

குதிரைக்குக் கோபம் வந்தால் முதலில் காதைப் பார்க்க வேண்டும். இரண்டு காதும் பின்னால் மடிந்து பிடரியோடு ஒட்டிக்கொண்டால், அடுத்து வருவது பல். (நான் முன்பு வேலை பார்த்த ஆபீஸில் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றுவார். அதே அர்த்தம்தான்.)

பெரியகுளம் கும்பக்கரை அருவிக்கு மேலே, மலைக்குள் வெள்ளகெவி என்றொரு ஊர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அரிசி மேலே போனதும், காப்பிக்கொட்டை கீழே வந்ததும் மட்டக்குதிரை முதுகில்தான். 2021 சட்டசபைத் தேர்தலுக்கு ஓட்டு மெஷினே குதிரையில் போனது!

அப்படியொரு பழுப்புக் குதிரையை அடிவாரத்தில் பார்த்தேன். சேணத்தை வைத்து வயிற்று வாரை இழுத்ததும், காதை மடித்துக்கொண்டு 'வெடுக்'கென்று கடிக்கத் திரும்பியது.

"திமிருண்ணே. ரெண்டு போடுங்க, சரியாப் போகும்" என்றார், டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

"முந்தாநேத்து வரைக்கும் சும்மா நின்ன குதிரை தம்பி. ரெண்டு நாள்ல திமிரு எங்கிட்டிருந்து வரும்?" என்றார் குதிரைக்காரர்.

13-ம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே கடல் தாண்டி வாங்கி வந்த குதிரைகள் பராமரிக்கத் தெரியாமலே செத்துப் போவதாக எழுதி வைத்தார். மனுஷர் இவரைச் சந்தித்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஆரம்பித்தார். பி.காம். படித்த எனக்கு, ஆடிட்டர் வவுச்சர் புரட்டுவது போலிருந்தது. முதலில் முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போனார். குதிரை நெளியவில்லை. சேணத்துக்கு அடியில் போடும் சாக்கை உதறி, முள் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அதிலிருந்த வியர்வை ஈரத்தைக் காட்டினார். எல்லா இடமும் நனைந்து, நடுவில் மட்டும் காய்ந்த திட்டு இருந்தால் சேணம் அங்கே அமுக்குகிறது என்று அர்த்தமாம். திட்டு இல்லை.

"காலையில தின்னுச்சாடா?"

"தின்னுச்சுப்பா" என்றான் மகன்.

அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். குதிரையின் இரைப்பையில் தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். வெறும் வயிறாகப் போட்டால் உள்ளே புண். அப்புறம் வாரை இறுக்கினால் கடிக்காமல் என்ன செய்யும்?

அடுத்து, வார் இல்லாமல் சேணத்தை மட்டும் வைத்தார். காது நிமிர்ந்தே இருந்தது. சேணத்தை எடுத்துவிட்டு, வாரை மட்டும் வயிற்றில் லேசாக ஒட்டிப் பிடித்தார். காது மடிந்தது!

முன்னங்காலைத் தூக்கி, கால் மடங்கும் இடத்துக்குப் பின்னால் ரோமத்தை விலக்கினார். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி உதிர்ந்து, தோல் சிவந்து, தொட்டால் சுட்டது. வாரைத் திருப்பினார். கிழிசலை நைலான் கயிற்றால் தைத்து, முடிச்சை உள்பக்கம் போட்டிருந்தார்கள். மகன் சட்டென்று அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அரிசி மூட்டைக்காரர் அவசரப்பட்டார். "இன்னிக்கு ஒரு நடை போயிட்டு வந்துடேன்யா."

"இன்னிக்கு ஏத்துனா ராத்திரிக்குப் புண்ணாயிரும். புண்ணாச்சுன்னா ஒரு மாசம் உக்காரணும். வேற ஆளைப் பாத்துக்கங்க."

வாடகை வேறு குதிரைக்குப் போனது. இவர் உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அந்த இடத்தைத் துடைத்தார். அப்புறம் பிளேடால் நைலானை அறுத்தெடுத்து, மகனிடம் நீட்டினார்.

"இந்தா... இந்த முடிச்சை உன் பெல்ட்டுக்குள்ள வச்சுக்கிட்டு, மேல வரைக்கும் ஒரு நடை போயிட்டு வா."