ஐஸ் வாளியில் டெவலப்பர்

மதுரை வடக்கு மாசி வீதியை ஒட்டிய சந்தொன்றில், மாடிப்படிக்குக் கீழே ஓர் இருட்டறை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அறுபதைத் தாண்டிய ஸ்டுடியோக்காரர் பிலிம் கழுவுகிறார். மகள் ஸ்கேன் எடுக்கிறார். பிலிம் கேமராவில் படம் எடுக்க ஆரம்பித்திருக்கும் இளைஞர்கள் இவர்களிடம்தான் தொழில் பழக வருகிறார்கள். நான் போனபோதும் மூன்று பேர் இருந்தார்கள்.

“முதல்ல வெளிச்சத்துலயே பழகுங்க தம்பி” என்று ஸ்டுடியோக்காரர் வீணாய்ப்போன ரோல் ஒன்றைக் கையில் கொடுத்தார். பிலிமின் நுனியை நேராக வெட்டி, இரு மூலைகளையும் கத்தரியால் லேசாக மழுக்குகிறார். அப்போதுதான் ரீலின் காடியில் சிக்காமல் ஓடுமாம். அடுத்து கண்ணை மூடிக்கொண்டு ஏற்ற வேண்டும். வெளிச்சம் புகாத கறுப்புத் துணிப்பைக்குள் ஏற்றுவது கடைசியில்தான். பைக்குள் கை வியர்த்தால் பிலிம் ரீலில் ஒட்டிக்கொள்ளும். அதனால் கோடையில் விடியற்காலையில் மட்டுமே ரோல் ஏற்றுகிறார்.

வியர்வையைவிடப் பெரிய எதிரி குழாய்த் தண்ணீர். எச்பி5 என்ற கறுப்பு-வெள்ளைப் பிலிமை டி-76 என்ற டெவலப்பர் மருந்தில், 20 டிகிரி செல்சியஸில் ஏழரை நிமிடம் கழுவ வேண்டும். 24 டிகிரி என்றால் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். மதுரைக் கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் கொஞ்சம் பிசகினாலும் நெகட்டிவ் கறுத்துவிடும். ஆகவே மருந்து பாட்டிலை ஐஸ் போட்ட வாளியில் நிறுத்தித் தெர்மாமீட்டரைப் பார்த்தபடி காத்திருக்கிறார். மருந்துக்குள்ளேயே ஐஸைப் போட்டால் நீர்த்துப்போகும். நிமிடத்துக்கொரு முறை 10 நொடி, ரீல் இருக்கும் டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்தி, காற்றுக்குமிழி போக மேசையில் ஒரு தட்டு. உருவத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவும் கழுவும் தண்ணீரும்கூட அதே சூட்டை ஒட்டியே இருக்கின்றன.

ஸ்டுடியோக்காரரின் கை பழகியது ஊட்டி ‘இந்து’ பிலிமில். 1960-இல் அங்கே தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் மூடிப்போனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். இப்போது இவர்கள் கைக்கு வரும் ரோல் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. மாணவர்கள் எண்ணி எண்ணித்தான் படம் எடுக்கிறார்கள்.

ஸ்கேனரில் 2400 டிபிஐ வைத்தால் 35 மி.மீ. சட்டம் ஒன்று ஏறத்தாழ 3400-க்கு 2270 பிக்சலாக வருகிறது. தூசியைத் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதியை மகள் அணைத்துவிடுகிறார். கறுப்பு-வெள்ளைப் பிலிமில் உருவமே வெள்ளித் துகள்தான். அது அகச்சிவப்பு ஒளியை மறிப்பதால் மென்பொருள் உருவத்தையும் தூசியென்று எடுத்துக்கொள்ளும். எனவே ஒவ்வொரு புள்ளியாகக் கையால் துடைக்கிறார். முதல் ஸ்கேன் மங்கலாகவே இருக்கட்டும், கறுப்பையும் வெளுப்பையும் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. அதுவே சரி என்று எனக்கும் படுகிறது. ஸ்கேனிலேயே அழுத்தம் கூட்டினால் கடுங்கறுப்பிலும் கடுவெளுப்பிலும் விவரம் வெட்டுப்பட்டுப் போகும்.

வெளிச்சம் போதாமல் எடுத்த ஒரு சட்டத்தைக் காட்டி, முகத்தைக் கொஞ்சம் தூக்கித் தர முடியுமா என்று கேட்டான் ஒரு பையன். நெகட்டிவில் அந்த இடம் வெறும் கண்ணாடியாக இருந்தது. “அங்க ஒண்ணுமே பதியலையேப்பா, நான் எங்கேருந்து எடுக்கிறது?” என்றார் மகள். அடுத்த ரோலில் நிழல் பக்கத்தின் வெளிச்சத்தை அளந்து எடுத்து வரச் சொன்னார். கலர் பிலிம் கழுவக் கேட்ட இன்னொருவனை அப்பா பொறுத்திருக்கச் சொல்லிவிட்டார்: அதற்கு 37.8 டிகிரி, மூன்றேகால் நிமிடம். சூடு துளியும் அசையக்கூடாது.