போவன்பள்ளி: பால் நின்ற பிறகு

செகந்தராபாத் பாரடைஸ் சந்திப்பிலிருந்து வடக்கே நாக்பூர் சாலையைப் பிடித்தால் சற்று நேரத்தில் போவன்பள்ளி. விடியும் முன்பே காய்கறி மார்க்கெட்டில் லாரிகள் நெருக்கியடிக்கும். அழுகிய தக்காளிக்கும் கோஸ் இலைக்கும்கூட இங்கே ஒரு போக்கிடம் உண்டு. 10 டன் கழிவிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 500 யூனிட் மின்சாரம் எடுக்கும் இங்குள்ள ஏற்பாட்டை, 2021 ஜனவரியில் பிரதமர் தன் வானொலி உரையில் பாராட்டினார்.

இதே வட்டாரத்தில் ‘டெய்ரி ஃபார்ம் சாலை’ என்ற பெயர் நிலைத்திருக்கிறது. கன்டோன்மென்ட் சிப்பாய்களுக்குப் பால் தந்த ராணுவப் பண்ணையின் நினைவு அது. 1889-ல் அலகாபாத்தில் தொடங்கிய ராணுவப் பண்ணைகள் 2021 மார்ச் 31-ல் முறைப்படி மூடப்பட்டன. நாடெங்கும் அவற்றிலிருந்த சுமார் 25,000 மாடுகள் அரசுத் துறைகளுக்கும் பால் கூட்டுறவுகளுக்கும் பெயரளவு விலைக்குத் தரப்பட்டன.

சர்க்கார் மாட்டுக்குப் புகலிடம் கிடைத்தது. நகரத்துக் கொட்டிலில் பால் வற்றிய எருமைக்கு அப்படி யாரும் உத்தரவு போடுவதில்லை. தீவனச் செலவைப் பால் ஈடுகட்டாத நாளில் அது விற்கப்படும். கடாக் கன்று என்றால் அதற்கும் முன்பே. பாலையும் இறைச்சியையும் இரு வேறு தொழில்களாக நினைப்பது காபி குடிப்பவரின் சௌகரியம். மாட்டுக்காரருக்கு அது ஒரே கணக்கு.

ஆந்திராவின் 1977-ம் ஆண்டுச் சட்டம் தெலங்கானாவிலும் தொடர்கிறது. பசுவையும் கன்றுகளையும் வெட்டக்கூடாது. பாலுக்கோ இனவிருத்திக்கோ உழைப்புக்கோ பயன்படாது என்று சான்றிதழ் பெற்ற எருமையை வெட்டலாம். ஆக, எருமைக்கு இறைச்சிக்கூடம் சட்டப்படியான முடிவுதான். அங்கே போய்ச் சேரும் விதம்தான் பிரச்னை.

போவன்பள்ளி வழியாகச் செல்லும் 44-ம் எண் நெடுஞ்சாலைதான் தெற்கே கிருஷ்ணகிரி, சேலம், மதுரை கடந்து கன்னியாகுமரி வருகிறது. சாலை நெடுக விதியும் ஒன்றுதான். 1978 விதிகளின்படி ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது. பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும். தீவனமும் தண்ணீரும் வேண்டும். 2016 முதல் மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டர் இடம், நடுவே தடுப்பு. 2001 விதிகள் இன்னும் ஒரு படி மேலே: வெட்டுமுன் 24 மணி நேர ஓய்வு, சினைமாட்டை வெட்டத் தடை, ஒரு மருத்துவர் மணிக்கு 12 மாடுகளுக்கு மேல் பரிசோதிக்கக்கூடாது.

காகிதத்தில் குறையே இல்லை. ஆனால் லாரியை மறிப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது “பசுவா, எருமையா?” என்றுதான். தண்ணீர் காட்டினாயா என்று கேட்பவர் அரிது. 2017 மே மாதம் சந்தையில் வெட்டுக்கு மாடு விற்பதையே மத்திய அரசு தடுத்தபோது மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஹைதராபாத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கு போனது. அந்த விதி பின்வாங்கப்பட்டது. அந்தச் சண்டையிலும் லாரிக்குள் நிற்கும் மாட்டைப் பற்றிப் பேச்சு குறைவுதான்.

இத்தனைக்கும் ஹைதராபாத்தின் செங்கிச்சர்லாவில் தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது. இறைச்சி விஞ்ஞானம் சொல்வது நேரான விஷயம். மிரண்டு, பட்டினியாக வந்த மாட்டின் தசையில் கிளைக்கோஜன் தீர்ந்துபோயிருக்கும். வெட்டிய பின் போதிய அமிலம் சுரக்காது. இறைச்சி கறுத்து, சீக்கிரம் கெடும். அடிபட்டுக் கன்றிய சதையை வெட்டி எறிய வேண்டும். ஏற்றுமதியாளருக்கு இந்த நஷ்டம் தெரியும். லாரிக்கு வாடகை பேசுபவரோ வேறு ஆள். ஆறுக்குப் பதில் பதினைந்தை ஏற்றினால் அவருக்கு இரண்டு நடை மிச்சம்.